பாயிரத்தோடு பாடம் வையுங்கள்

தமிழகப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் தமிழ்ப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

இலக்கிய வரலாற்றுத் தாளில் நாயக்கர் காலத்தையும் மராட்டியர் காலத்தையும் நடத்துகிற ஆசிரியை நான். குமரகுருபரர், சிவப்பிரகாசர், தாயுமானவர், திரிகூடராசப்பக் கவிராயர் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவேன். பள்ளு, குறவஞ்சி, நொண்டி நாடகம், காதல், தூது என்று வகைகளையும் சொல்வேன். மாணவிகள் குறிப்பெடுப்பார்கள். அந்த இரண்டு நூற்றாண்டுகளில் பெண் புலவர் ஒருவரும் இல்லையா என்று யாராவது ஒரு மாணவி கேட்பாள். நான் படித்த பாடத்திலும் அதற்கு விடை இல்லை, நடத்தும் பாடத்திலும் இல்லை. ஆனால் விடை உண்டு. அதைப் பாடத்துக்குள் கொண்டுவரும்படி கேட்கவே இம்மடல்.

சுப்பிரதீபக் கவிராயரின் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூதை நாம் குறிப்பிடாமல் விடுவதில்லை. அதில் தாசி வருகிறாள். ஆணை மயக்குகிறாள், பொருளைப் பறிக்கிறாள், துரத்திவிடுகிறாள். அவளுடைய தாய்க்கிழவி பேராசைக்காரி. விறலிவிடு தூது என்ற வகையே பெரிதும் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கவிராயரின் சொல்வளத்தை நானும் ரசிப்பவள்தான், அந்த நூலை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் தாசி என்றால் யார் என்று நம் மாணவர்கள் அறிவது இப்படி ஆண் புலவர்கள் வரைந்த சித்திரத்தின் வழியாக மட்டும்தான். அந்தப் பெண்களே எழுதிய காவியங்கள் இருக்கின்றன. அவையும் இதே காலத்தில், காவிரிக்கரையில் எழுதப்பட்டவை.

தஞ்சை இரகுநாத நாயக்கர் அவையில் இருந்தவர் இராமபத்ராம்பா. தம் அரசர்மீது இரகுநாதாப்யுதயம் என்ற வடமொழிக் காவியத்தைப் பன்னிரண்டு சருக்கங்களில் பாடினார். 1934இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை அச்சிட்டது. போர்களையும் வெற்றிகளையும் பாடிவிட்டு அவர் அரசவைக்குள் நுழைகிற பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. பல மொழிகளில் நின்ற நிலையில் கவி சொல்லும் பெண்களையும் வீணை வாசிக்கும் பெண்களையும் அங்கே காட்டுகிறார். இரகுநாதரின் தெலுங்கு இராமாயணத்தை வடமொழிக்குக் கொண்டுசென்ற மதுரவாணியும் அந்த அவையைச் சேர்ந்தவர்தான்.

அடுத்து வந்த விசயராகவ நாயக்கர் காலத்தில் பசுபுலேட்டி இரங்காஜம்மா தெலுங்கில் மன்னாருதாச விலாசமும் உஷா பரிணயமும் எழுதினார். அவருக்கு அரசர் கனகாபிஷேகம் செய்து பெருமைப்படுத்தினார். மன்னாரு என்பது மன்னார்குடி இராசகோபாலசுவாமி. அந்தப் பெருமாளின் அடியவனாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட அரசனைப் பற்றிய நூல் அது. மன்னார்குடியிலிருந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக்கூட இந்தப் பெயர் தெரிவதில்லை.

தெலுங்கும் வடமொழியும் தமிழ்ப் பாடத்தில் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தமிழ்த்துறையின் நேரமும் இடமும் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பெண்கள் தமிழ் மண்ணுக்கு வெளியே இருந்தவர்கள் அல்லர். தஞ்சைக்கு அருகே மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் இன்றும் தெலுங்கில்தான் நடக்கிறது. தமிழ் பேசும் ஊர் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறது. பல மொழிகள் ஒரே தெருவில் புழங்கிய மண்ணின் வரலாற்றை ஒரு மொழி நூல்களை மட்டும் வைத்து எழுதினால் அதில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். தெலுங்கு இலக்கிய வரலாற்றில் இவர்களுக்கு இடம் உண்டு. வாழ்ந்த ஊரில்தான் இல்லை.

இவர்களில் முத்துப்பழனியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் (ஆட்சி 1739-1763) அவையில் இருந்தவர். நம் ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பாடியவர். ராதிகா சாந்த்வனம் என்ற சிருங்கார காவியத்தை 584 பாடல்களில் எழுதினார். தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள் ராதை. இருவருக்கும் அறிவுரை சொல்லி அனுப்பியவளும் அவள்தான். பிறகு பிரிவு தாங்காமல் உள்ளுக்குள் எரிகிறாள், கோபப்படுகிறாள். கண்ணன் வந்து அவளைத் தேற்றுகிறான். வேட்கையும் ஊடலும் பெண்ணின் பக்கமிருந்து பேசுகின்றன. அகத்திணையும் நாச்சியார் திருமொழியும் படித்த நம் மாணவர்களுக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. அவர்களால் இதை நன்றாகவே படிக்க முடியும்.

அந்த நூலின் முன்பகுதியைத் தெலுங்கில் அவதாரிகை என்பார்கள், நமக்குப் பாயிரம். அதில் முத்துப்பழனி தன்னைப் பற்றிப் பேசுகிறார். பாட்டி தஞ்சநாயகியையும் அத்தையையும் சொல்லித் தன் கவிதை மரபைப் பெண்கள் வழியாக நிறுவுகிறார். அறிஞர்களுக்குப் பொருள் கொடுத்துச் சிறப்புச் செய்த பெண் தன்னைப்போல் யார், காவியங்கள் யாருக்குப் படைக்கப்பட்டன என்று தலைநிமிர்ந்து கேட்கிறார். அவையடக்கம் பாடிப் பழகிய நம் காதுக்கு இந்தக் குரல் புதிது.

இந்த நூலை 1887இல் பைடிபாட்டி வேங்கடநரசு அச்சில் கொண்டுவந்தார். அந்தப் பதிப்பில் அவதாரிகை இல்லை. பாடல்கள் இருந்தன, பாடியவளின் வரலாறு போய்விட்டது. நன்னூலை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: 'ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே'. பாயிரம் சொல்ல வேண்டிய பொருள்களில் முதலாவது ஆக்கியோன் பெயர். அதைச் சொன்ன பகுதிதான் அந்தப் பதிப்பில் விடுபட்டது.

அதன் பிறகு கந்துகூரி வீரேசலிங்கம் தம் ஆந்திரக் கவிகள் வரலாற்றில் முத்துப்பழனியை ஒழுக்கம் கெட்டவள் என்று எழுதினார். பெண் காதால் கேட்கவும் கூடாத பாடல்கள் என்றார். விதவை மறுமணத்துக்காகப் போராடிய பெரியவர் அவர், பெண் கல்விக்கு உழைத்தவர். அவரே அப்படி எழுதியது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவருக்குப் பதில் சொன்னவர் தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். ஓலைச்சுவடியைத் தேடிப் பெற்று, விடுபட்டதையெல்லாம் சேர்த்து, 1910இல் வாவிள்ள பதிப்பகத்தின் வழியாக முழு நூலாகக் கொண்டுவந்தார். வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா, சிருங்காரம் எழுதிய ஆண்களுக்கு அது வேண்டாமா என்று முன்னுரையில் கேட்டார். எழுதியவள் பெண், அதிலும் தன் குலத்தில் பிறந்தவள் என்று பெருமையோடு சொன்னார். அடுத்த ஆண்டே ஆபாசம் என்று குற்றம் சாட்டிக் காவல்துறை பிரதிகளைக் கைப்பற்றியது, தடையும் வந்தது. பண்டிதர்கள் கையெழுத்திட்டு முறையிட்டும் பயனில்லை. பிரகாசம் பந்துலு சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. மறுபதிப்பு வந்தது 1952இல், நாகரத்தினம்மாள் மறைந்த ஆண்டில்.

திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய அதே நாகரத்தினம்மாள்தான் இவர். ஆராதனைக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். அவர் ஒரு பெண் புலவரின் நூலை மீட்டதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தமிழில் எழுதிய பெண்ணும் இதே காலத்தில் உண்டு. செங்கோட்டை ஆவுடையக்காள் சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளின் சீடர் என்று மரபு சொல்கிறது. தஞ்சை மன்னர் சகஜி அறிஞர்களுக்குக் கொடுத்த ஊர் அது. ஆவுடையக்காள் வேதாந்தத்தை அம்மானையிலும் கும்மியிலும் பாடினார். இந்த உடம்பே தீட்டால் ஆனதுதானே, அப்படியிருக்கத் தீட்டு எங்கே போயிற்று என்று அவர் கேட்கும் இடத்தில் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும், பாடம் முடிந்ததும் பிள்ளைகள் அதையே பேசிக்கொண்டு போவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிராமண வீடுகளில் பெண்கள் வாய்வழியாகப் பாடிக் காத்ததால் அந்தப் பாடல்கள் பிழைத்தன. பாடத்திட்டத்தில் இல்லாததால் நான் அவரைத் தனி நேரத்தில்தான் சொல்கிறேன். தமிழில் எழுதியவருக்கும் இடம் இல்லையென்றால், மொழியைக் காரணம் காட்டுவதில் பொருள் இல்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. இலக்கிய வரலாற்றுத் தாளில் நாயக்கர், மராட்டியர் கால அலகில் இந்தப் பெண்களின் பெயரும் நூலும் வரட்டும். ஒப்பிலக்கியத் தாளில் திருப்பாவைக்கு அருகே முத்துப்பழனியின் தெலுங்குப் பாவையை வையுங்கள். தமிழ் எழுத்தில் மூலமும் தமிழில் பொருளும் தந்தால் போதும், பக்கத்துத் தெலுங்குத் துறையினர் உதவ மாட்டார்களா? விறலிவிடு தூது நடத்துகிற வாரத்தில் ராதிகா சாந்த்வனத்திலிருந்து சில பாடல்கள் இருக்கட்டும். ஆவுடையக்காளின் வேதாந்தக் கும்மியை நாட்டுப்புறவியல் என்று ஒதுக்காமல் தாயுமானவருக்குப் பக்கத்தில் வையுங்கள். சித்தாந்தமும் வேதாந்தமும் பேசும் அந்த இடம் அவருக்கும் உரியது.

கடைசியாக ஒன்று. பக்கம் போதாமல் பாடப்பகுதியைச் சுருக்க வேண்டி வரும், எனக்குத் தெரியும். அப்போது முத்துப்பழனியின் பாடல்களில் எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள். பாட்டி தஞ்சநாயகியின் பெயர் வரும் அவதாரிகையை மட்டும் முழுதாக அச்சிடுங்கள்.

அன்புடன்,
தஞ்சை மாவட்டத் தமிழாசிரியை ஒருத்தி