அலினாவின் பெயரில், அவள் அம்மாவுக்காக

அன்புள்ள மகளுக்கு,

பியானோ வகுப்பில் அடுத்ததாகப் பழகப் போவதாகச் சொல்லி நீ அனுப்பிய இரண்டு பக்கத் தாளை, நம் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் பிரதி எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். "இதில் என்னப்பா இருக்கிறது, குழந்தைகூட வாசித்துவிடும்" என்று தொலைபேசியில் கேட்டாய். அன்று நான் பேச்சை மாற்றியதற்குக் காரணம், அந்தத் தாளிலுள்ள இசையை எழுதிய ஆர்வோ பார்ட்டைப் பற்றி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க எனக்கு வராது என்பதுதான்.

அவர் 1935-இல் எஸ்டோனியாவில் பிறந்து, ரக்வெரே என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். வீட்டிலிருந்த பழைய பியானோவில் நடுக்கட்டைகள் பழுதுபட்டுக் கிடந்ததால், சிறுவனாக இருந்தபோது மந்திர ஸ்தாயியிலும் தார ஸ்தாயியிலுமே விளையாடிப் பழகினார். ஊர்ச் சந்தைத் திடலின் ஒலிபெருக்கியில் கச்சேரி ஒலிபரப்பாகும்போது, அது முடியும்வரை சைக்கிளில் திடலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே கேட்பாராம். வளர்ந்த பிறகு, 1958 முதல் 1967 வரை எஸ்டோனிய வானொலியில் ஒலிப்பதிவாளராக வேலை பார்த்தார். இந்த ஒரு தகவலுக்காகவே அவர்மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஒலிப்பதிவு அறையில் காலம் கழித்தவனுக்கு, ஓர் ஓசை தொடங்கும் இடத்தைவிட அது அடங்கும் இடத்தில்தான் காது நிற்கும்.

ஆனால் அவருடைய இளமைக்கால இசையில் அந்த அடக்கம் இல்லை. பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் சம உரிமை கொடுக்கும் முறையில் 1960-இல் அவர் எழுதிய 'நெக்ரோலாக்' அப்போது எஸ்டோனியாவை ஆண்ட சோவியத் அரசின் இசை அதிகாரிகளுடைய கண்டனத்துக்கு ஆளானது. 1968-இல் தாலின் நகரில் அரங்கேறிய 'கிரெடோ', ஜெர்மன் இசைமேதை பாக்கின் எளிய பியானோ முகவுரை ஒன்றை எடுத்து, அதைப் பேரிரைச்சலில் சிதறடித்து, மீண்டும் கட்டி எழுப்புகிறது. அதிகாரிகளை உறுத்தியது இசைகூட அல்ல, கிறிஸ்துவை நம்புகிறேன் என்று வெளிப்படையாகப் பாடும் அதன் லத்தீன் வரிதான். அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் படைப்பு அங்கே மேடை ஏறவில்லை. அவரும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், 1971-இல் வந்த ஒரு சிம்பொனியைத் தவிர, பெரிதாக எதையும் வெளியிடவில்லை. பிழைப்புக்குத் திரைப்படங்களுக்கு இசை எழுதினார். மற்ற நேரத்தில், தேவாலயத் துறவிகள் பக்கத் துணையில்லாமல் ஒற்றைக் குரலில் பாடிய பழைய கிரெகோரியப் பாடல்களைக் கேட்டு, பைபிளின் சங்கீதப் பாடல் ஒன்றைப் படித்த கையோடு ஒற்றை வரி மெட்டாக எழுதுவதைப் பயிற்சியாகச் செய்து, நோட்டு நோட்டாக நிரப்பினார். நாற்பதை நெருங்கும் வயதில், பெயர் பெற்ற ஒருவர், சரளி வரிசைக்குத் திரும்பியது போல என்று வைத்துக்கொள்.

அந்த நோட்டுகளிலிருந்து 1976-இல் வெளிவந்ததுதான் உன் மேஜையில் இருக்கும் 'ஃபியூர் அலினா'. இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் டின்டினாபுலி. லத்தீனில் மணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது. நீ சிறுவயதில் படித்த கணக்கிலேயே சொல்கிறேன். ஏழு கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் வலக்கை போவது நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களில். இடக்கையோ ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம் என்ற மூன்றையே சுற்றிவருகிறது. வலக்கை எந்த ஸ்வரத்தில் நின்றாலும், அதற்குக் கீழே மிக அருகிலுள்ள ஒன்றைத் தொடுகிறது. ஒன்று அலைகிறது, மற்றொன்று வீட்டிலேயே இருக்கிறது. அவர் மனைவி நோரா இதைத்தான் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் ஒன்று என்று வகுத்துச் சொன்னார். தாளக் கணக்கு எதுவும் போடப்படவில்லை. ஒவ்வொரு இசைவரியிலும் ஒரு ஸ்வரமாகக் கூடிக்கொண்டே போய், பிறகு ஒவ்வொன்றாகக் குறைகிறது. இறங்கி வரும் பகுதியில் ஓரிடத்தில் மட்டும், இடக்கை தன் விதியை மீறி ரிஷபத்தைத் தொடும். அந்த இடத்தில் தாளில் ஒரு சிறு பூ வரைந்திருப்பதைப் பார்த்தாயா? அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதே. பார்ட் வேண்டுமென்றே வைத்தது. விதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பூதான் பெரிதாகப் படுகிறது.

1980-இல் குடும்பத்தோடு நாட்டை விட்டு வியன்னா சென்று, பிறகு பெர்லினில் நெடுங்காலம் இருந்து, 2010-இல் அவர் எஸ்டோனியாவுக்கே திரும்பினார். இடையில் உலகப் புகழ் வந்தது. அவர் இசையைத் தூக்கம் வரவழைக்கும் மருந்து போல இன்று விற்பதில் எனக்கு உடன்பாடில்லை; அதைக் கேட்கும்போது எனக்கு விழிப்புதான் கூடுகிறது.

அன்று நான் சொல்லாமல் விட்டது வேறொன்று. அலினா என்பவள் பார்ட் குடும்பத்துக்கு நெருங்கியவர்களின் பதினெட்டு வயது மகள். குடும்பம் பிரிந்தபோது அவள் தந்தையோடு இங்கிலாந்துக்குப் போய்விட, தாய் எஸ்டோனியாவில் தங்கிவிட்டார். சோவியத் பக்கத்தையும் மேற்கு நாடுகளையும் பிரித்த இரும்புத் திரை இருந்த காலம். நினைத்தால் பார்த்துவிட முடியாது. பெயர் மகளுடையதாக இருந்தாலும், இந்த இசை உண்மையில் அந்தத் தாய்க்கு ஆறுதலாக எழுதப்பட்டது.

உன் பழைய சுருதிப் பெட்டியை அம்மா வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து வைக்கிறாள். ஓடாமல் கிடந்தால் கெட்டுவிடுமாம்.

ஆகவே, பாடம் ஆனதும் வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பு. கைப்பேசியைப் பியானோவின் மேல் வைக்காதே, கட்டைகளின் தட்டல்தான் கேட்கும். ஐந்தடி தள்ளி, ஒரு நாற்காலியில் துணி விரித்து அதன்மேல் வை. ஹீட்டரை அணைத்துவிடு. கடைசி ஸ்வரத்தின் கார்வை முழுதாக அடங்கும்வரை பதிவை நிறுத்தாதே. அலினாவின் கதையை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா