‘ஆம்’ என்றால் என்னவென்று முதலில் எழுதித் தாருங்கள்
கொங்கு நாட்டில் மக்கள் வாக்கெடுப்புக் கோருவோருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் இருபது ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவராக, பணிபுரிகிறேன். பிறந்தது காங்கேயத்துக்குப் பக்கத்துச் சிற்றூர். 2021 ஜூலையில் மத்திய இணை அமைச்சர் ஒருவரின் சுயவிவரக் குறிப்பில் ‘கொங்கு நாடு’ என்ற சொல் இடம்பெற்றதிலிருந்து, தனி மாநிலம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு இங்கே அவ்வப்போது தலைதூக்குவதையும், பேச்சு முற்றும்போதெல்லாம் “எதற்கு இத்தனை வாதம், மக்களிடமே வாக்கெடுப்பு நடத்திவிடலாமே” என்று யாரேனும் முடித்துவைப்பதையும் கேட்டுவருகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவின்படி புதிய மாநிலத்தை உருவாக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்பார்கள், மக்களிடம் தனியே வாக்கெடுக்க அதில் வழியில்லை. அது தங்களுக்கும் தெரியும். ஆனாலும் இக்கோரிக்கைக்கு ஓர் ஈர்ப்பு இருக்கிறது. அந்த ஈர்ப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். தனி மாநிலம் நல்லதா கெட்டதா என்பது இம்மடலின் பொருளன்று.

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. அலுவலகத்துக்குள் நுழைந்து கைப்பையை வைப்பதற்குள் கணக்குப் பிரிவுத் தம்பி ஓடிவந்து, “அக்கா, இங்கிலாந்து வெளிய போயிருச்சுங்க” என்றார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று முந்தைய நாள் பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பின் முடிவைத்தான் சொன்னார். அங்கே அப்போது விடியவில்லை. இங்கே காலை ஒன்பது மணி கடந்திருந்தது. முந்தைய நாள் ஏறக்குறைய நூறு ரூபாயாக இருந்த பவுண்டு அன்று ஒரே நாளில் ஏழு ரூபாய் அளவுக்கு இறங்கியது. இங்கிலாந்துக்குப் போக வேண்டிய குழந்தைகள் டி-சர்ட் ஆர்டர் ஒன்று எங்களிடம் பேக்கிங் முடிந்து அட்டைப்பெட்டிகளில் நின்றது. ஒரு பீஸ் இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். வங்கியில் முன்கூட்டியே பவுண்டுக்கு விலை பேசி வைத்திருக்கவில்லை. ‘வெளியே போகமாட்டார்கள்’ என்று எல்லோரையும் போல் நாங்களும் நம்பினோம். பீஸுக்குப் பதினைந்து ரூபாய் அப்படியே கரைந்தது. அந்த ஆர்டரில் எங்களுக்கு நின்றிருக்கக்கூடிய லாபமே அதில் பாதிதான். நாங்கள் போடாத வாக்குக்கு அன்று மாலை எங்கள் செக்கிங் மேசையில் நின்று கணக்குப் பார்த்தோம். ஆண்டு முடிவதற்குள் பவுண்டு 85 ரூபாய்க்கும் கீழே போயிற்று.

அந்த நட்டத்தைச் சொல்லிக் குறைப்படுவது என் நோக்கமன்று. அந்நாள் முதல் அந்த வாக்கெடுப்பை விடாமல் கவனித்து வருவதற்கு அதுவே காரணம் என்பதற்காகச் சொன்னேன். வெளியேற வேண்டுமென்றவர்கள் 1,74,10,742 பேர், நீடிக்க வேண்டுமென்றவர்கள் 1,61,41,241 பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 52, 48. வாக்களிக்கத் தகுதியுடையோரில் 72 விழுக்காட்டினர் வந்திருந்தார்கள். இங்கிலாந்தும் வேல்சும் ஒரு பக்கம், ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் மறுபக்கம். ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு 62 பேர் நீடிக்கவே விரும்பினார்கள். இத்தனை பெரிய முடிவுக்கு இத்தனை விழுக்காடாவது வேண்டும் என்ற வரம்பு எதையும் அவர்கள் முன்னதாக வைக்கவில்லை. வாக்குச்சீட்டில் ஒரே கேள்வி, இரண்டு கட்டங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாக நீடிக்க வேண்டுமா, அதைவிட்டு விலக வேண்டுமா. விலகினால் ஒன்றியத்தின் பொதுச் சந்தையில் இருப்போமா, சுங்கம் எப்படி, அயர்லாந்து எல்லையில் என்ன நடக்கும், அங்கே குடியேறி உழைக்கும் ஐரோப்பியர்களின் நிலை என்ன என்ற எதுவும் சீட்டில் இல்லை. சீட்டில் மட்டுமன்று, விலகச் சொன்னவர்களிடமும் ஒரே விடை இல்லை. அதனால்தான் வென்றவர்களே தங்களுக்குள் மூன்றரை ஆண்டுகள் சண்டையிட்டார்கள். 2019 ஜனவரியில் பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் உடன்படிக்கை நாடாளுமன்றத்தில் 432க்கு 202 என்ற கணக்கில் தோற்றது. நாடு உண்மையில் வெளியேறிய நாள் 2020 ஜனவரி 31.

இனி நான் சொல்ல வந்தது. என் பெரியம்மா மகன் லெஸ்டர் நகரில் ஓர் இந்திய உணவகத்தில் சமையற்காரர். இந்தியக் கடவுச்சீட்டுதான் வைத்திருந்தார். ஆயினும் பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அந்த வாக்கெடுப்பில் உரிமை இருந்தது. பல்லாண்டுகளாக அங்கேயே வாழ்ந்த போலந்துக்காரருக்கும் இத்தாலியருக்கும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவது நின்றால் நம் பக்கத்துச் சமையற்காரர்களுக்கு விசா எளிதாகும் என்று அப்போது பிரசாரம் செய்தார்கள். அண்ணன் அதை நம்பினார். ஊரில் வேலையில்லாமல் இருக்கும் தம் மைத்துனரை அழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினார்.

2018இல் ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு அண்ணன் வந்திருந்தார். பூவோடு என்னும் தீச்சட்டி எடுத்து முடிந்த இரவு, உறவினர்கள் எல்லோரும் படுத்த பிறகு, ஆசாரத்துத் திண்ணையில் என்னிடம் மட்டும் சொன்னார். “அம்மிணி, அந்தப் பென்சில ஒரு கயித்துல கட்டிப் போட்டிருந்தாங்க. நானும் ஒரு பெருக்கல் குறி போட்டேன். வெளிய போறதுக்கு. உங்க அண்ணிகிட்டக்கூட இன்னும் சொல்லுல.” பேசிக்கொண்டே திண்ணைச் சாணத்தின் மேல் விரலால் அந்தக் குறியைப் போட்டு, உடனே உள்ளங்கையால் தேய்த்து அழித்தார். வாக்கெடுப்பு முடிந்த கோடையில் அவருடைய மகனிடம் பள்ளியில் ஒரு சிறுவன், “நீங்க எப்போ உங்க ஊருக்குப் போறீங்க?” என்று கேட்டிருக்கிறான். அண்ணி அன்று அழுதார்களாம். அண்ணன் பக்கத்தறையில் உட்கார்ந்திருந்தார். 2016 ஜூலையில் இனம், மதம் சார்ந்த வெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஆண்டு ஜூலையைவிட 41 விழுக்காடு கூடியதாக அந்நாட்டு உள்துறையின் புள்ளிவிவரம் சொல்கிறது. மைத்துனருக்கு விசா கிடைக்கவேயில்லை. 2024 ஏப்ரலில் திறன் தொழிலாளர் விசாவுக்கான ஆண்டுச் சம்பள வரம்பை 38,700 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். எந்தச் சிறிய உணவகம் அதைத் தரும்?

அண்ணனைப் போல் வருந்தியவர்கள் மறுநாள் காலையிலேயே இருந்தார்கள். எப்படியும் நீடிக்கத்தான் போகிறோம், தம் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்றெண்ணி விலக வாக்களித்ததாக ஒருவர் பிபிசி தொலைக்காட்சியில் கூறினார். வாரத்துக்கு 35 கோடி பவுண்டை ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று பிரசாரப் பேருந்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள். விலகச் சொன்ன முதன்மைத் தலைவர்களில் ஒருவரான நைஜல் ஃபராஜ், முடிவு வெளியான அதே காலையில், அந்த வாக்குறுதி தவறு என்றார். மறுவாக்கெடுப்புக் கேட்டு நாடாளுமன்ற இணையதளத்தில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த மனு வாக்கெடுப்புக்கு முன்பே, விலக விரும்பிய ஒருவரால், தம் தரப்பு தோற்கும் என்ற அச்சத்தில் தொடங்கப்பட்டது என்பது என்னை நெடுநேரம் யோசிக்கவைத்த செய்தி. விதிகளை முன்னதாகவே பேசி ஒப்புக்கொண்டிருந்தால், இரு தரப்பில் யாருமே இப்படி ஒரு மனுவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வருந்தியவர்களை அந்த நாடு என்ன செய்தது? கேலி செய்தது. அவர்களுக்கென்று ஒரு பட்டப்பெயரையே உருவாக்கியது. நீடிக்க விரும்பியவர்கள் “உனக்கு அப்போது புத்தி எங்கே போயிற்று” என்றார்கள். விலக விரும்பியவர்கள் “துரோகி” என்றார்கள். இரண்டு வசவுக்கும் நடுவே ஒரு மனிதன் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள இடம் எங்கே இருக்கிறது? என் அண்ணன் இரண்டு ஆண்டுகள் வாய் திறவாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். இதை நான் மன்னிக்க இயலாத கொடுமை என்றே கருதுகிறேன். 2025 ஜனவரியில் யூகவ் நிறுவனம் எடுத்த கணிப்பில், விலகியது தவறு என்றவர்கள் நூற்றுக்கு 55 பேர், சரி என்றவர்கள் 30 பேர். அந்த 55 பேரின் எண்ணம் இன்று யாருக்கும் பயனில்லாமல் கிடக்கிறது. அதைப் பதிவு செய்ய மறுபடி ஒரு சீட்டுக் கிடைக்கவில்லை.

வேறு விதமாகவும் செய்ய முடியும். நியூசிலாந்தில் தேர்தல் முறையை மாற்றலாமா என்று 1992இல் கேட்டார்கள். கிட்டத்தட்ட 85 விழுக்காட்டினர் மாற்றலாம் என்றார்கள். அதோடு முடிக்கவில்லை. எந்தப் புதிய முறை என்பதையும் அதே வாக்கெடுப்பில் கேட்டு, அதைச் சட்டமாக எழுதி, மறு ஆண்டு பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து மறுபடி கேட்டார்கள். அப்போது 54 விழுக்காட்டினரே புதியதைத் தேர்ந்தார்கள். 85 எங்கே, 54 எங்கே! மாற்றம் வேண்டும் என்ற உணர்ச்சிக்கும் இந்த மாற்றம் வேண்டும் என்ற முடிவுக்கும் இடையே உள்ள தூரம் அது. ஆனால் அந்த 54 பேரும் தாம் எதற்கு வாக்களிக்கிறோம் என்று அறிந்தே வாக்களித்தார்கள்.

நம் நாட்டிலேயே கோவா இருக்கிறது. மகாராஷ்டிரத்தோடு இணைவதா, மத்திய அரசின் கீழுள்ள யூனியன் பிரதேசமாகவே நீடிப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று வாக்கெடுத்தார்கள். இணைப்பை விரும்பிய முதலமைச்சர் தயானந்த் பந்தோட்கர், வாக்கெடுப்பு நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காக முன்னதாகவே பதவி விலகினார். இணைப்புத் தரப்பு 34,021 வாக்குகளில் தோற்றது. ஆனால் சில வாரங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே பந்தோட்கரின் கட்சியையே கோவா மக்கள் மறுபடி ஆட்சியில் அமர்த்தினார்கள். கேள்வியில் அவரை மறுத்தவர்கள் ஆளாக அவரை மறுக்கவில்லை. வாக்கெடுப்புக்குப் பின்னும் ஒரே தெருவில் வாழ்வதற்கு அம்மனப்பாங்கு தேவைப்படுகிறது.

நம் பக்கம் திரும்புகிறேன். கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடுவதா கூடாதா என்ற ஒரே விவகாரத்தில் ஈரோடு மாவட்டத்து உழவர்கள் இரு தரப்பாக நின்றதைப் பார்த்தோம். ஒரு வாய்க்காலுக்கே அப்படி. ஒரு மாநிலத்துக்கு எப்படியிருக்கும்? ‘ஆம்’ என்று குறியிடுபவருக்கு மேட்டூர் அணையின் நீரைப் பற்றி என்ன உறுதி தருவீர்கள்? தஞ்சைப் பாசனத்துக்கு நீர் திறக்கும் நாளை யார் முடிவு செய்வார்கள்? ஆழியாறு பரம்பிக்குளம் நீருக்காகக் கேரளத்தோடு யார் பேசுவார்கள்? அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எந்தத் தேர்வாணையத்தின் தேர்வை எழுதுவார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, வாக்காளர் யார்? எங்கள் தையல் பிரிவில் மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாகத் திருப்பூரிலேயே வீடு கட்டி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கேயே பிள்ளை பெற்று வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாக்களிக்கலாமா? சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிவிட்ட கோயம்புத்தூர்க்காரர் வாக்களிக்கலாமா? பதினேழு வயதில் கல்லூரி சேரும் பெண், இம்முடிவோடு மிக நீண்ட காலம் வாழப்போகிறவள், என்ன செய்வாள்?

ஆகவே மக்களிடம் கேட்டே தீர வேண்டும் என்று தாங்கள் எண்ணினால், கையெழுத்து வாங்க வீடு வீடாக வருவதற்கு முன்னால், ‘ஆம்’ என்றால் என்ன நடக்கும் என்பதை நீர், வேலை, வாக்காளர் தகுதி உட்பட எழுத்தில் அச்சிட்டு வெளியிடுங்கள். எத்தனை விழுக்காடு வந்தால் அது முடிவாகக் கொள்ளப்படும் என்பதைப் பிரசாரம் தொடங்கும் முன்பே எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்ளுங்கள். விவரங்கள் முழுதாகத் தெரிந்த பின்னர் மக்கள் மறுபடி ஒருமுறை வாக்களிப்பார்கள் என்று முதல் நாளிலேயே அறிவியுங்கள். முதல் வாக்கெடுப்பில் ஒரு பக்கமும் இரண்டாவதில் மறு பக்கமும் நிற்கும் மனிதரைத் தங்கள் தொண்டர்கள் எவரும் மேடையிலோ தெருவிலோ இழித்துப் பேசமாட்டார்கள் என்றும் அதே துண்டறிக்கையில் எழுதுங்கள்.

இம்மடலைச் சென்ற வாரம் அண்ணனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். தம் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். மற்றதெல்லாம் இருக்கட்டும், அண்ணியிடம் இப்போது சொல்லிவிட்டேன் என்றார். தாங்கள் எங்கள் தெருவுக்கு வரும்போது மேலே கேட்டவற்றுக்கான விடைகளை அச்சிட்டுக் கொண்டுவந்தால், கையெழுத்திடுவதற்கு முன் என் தையல் பிரிவுப் பெண்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு பின்னலாடைத் தொழிலாளி