விதை நிதி தந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ரெட் சின்ட்ரோம் உள்ள பெண் குழந்தைகள் தங்கள் விருப்பத்தைக் கண் பார்வையால் தெரிவிப்பதற்கான தமிழ்ப் படப் பலகை ஒன்றை உருவாக்கிப் பயன்படுத்திப் பார்க்கும் முன்னோட்ட ஆய்வுக்கு நீங்கள் தந்த விதை நிதியில், முதற்கட்டப் பணி சென்ற மாதம் நிறைவுற்றது. திருச்சியிலுள்ள எங்கள் பெற்றோர் குழுவின் சார்பிலும், அந்தக் குழந்தைகளுள் ஒருத்தியின் தாய் என்ற முறையிலும் இம்மடலை எழுதுகிறேன்.

உங்களில் பலர் இந்தக் குறைபாட்டின் பெயரைக் கூடக் கேள்விப்படாமலேயே பணம் அனுப்பினீர்கள். ஆகவே அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது என் கடமை. ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு ரெட் சின்ட்ரோம் வருகிறது. முதல் சில மாதங்கள் இயல்பாக வளர்வதாகவே தோன்றும் குழந்தை, பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களுக்குள் பின்தங்கத் தொடங்கி, கற்ற சொற்களையும் கைகளின் பயன்பாட்டையும் இழக்கிறது. என் மகள் "அத்தை" என்றும் "பால்" என்றும் சொன்னவள். டம்ளரைத் தானே பிடித்துக் குடித்தவள். பிறகு அந்த இரண்டு சொற்களும் போயின. கைகள் மட்டும் நாள் முழுவதும் ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருந்தன. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் இப்படி என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. எம்இசிபி2 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம். அது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதன்று, புதிதாகவே தோன்றுவது. இதே பேச்சைக் கேட்டுக் குமுறிக்கொண்டிருக்கும் வேறொரு தாய் படிக்கக்கூடும் என்பதால் இதையும் எழுதி வைக்கிறேன்.

1954-இல் வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற மருத்துவர், தம் காத்திருப்பறையில் தாய்மாரின் மடியில் இருந்த இரு சிறுமியர் ஒரே விதமாகக் கைகளை முறுக்கிக்கொண்டிருந்ததைக் கவனித்தார். 1966-இல் அவர் எழுதிய கட்டுரையைப் பலரும் அறியவில்லை. 1983-க்குப் பிறகே மருத்துவ உலகம் இதைப் பரவலாக அறிந்தது. 1999-இல் ஹூதா சோக்பியின் ஆய்வகம் காரணமான மரபணுவைக் கண்டறிந்தது. அறிகுறிகள் தோன்றிய பிறகும் அந்த மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தால் எலிகள் தேறுகின்றன என்று 2007-இல் ஏட்ரியன் பேர்டின் குழு எடின்பரோவில் காட்டியது. 2023 மார்ச்சில் டிரோஃபினடைட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ரெட் சின்ட்ரோமுக்கென்று ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுதான் என்றாலும், அது நோயை முற்றிலும் நீக்கும் மருந்து அன்று. இந்த நெடும்பயணத்தில் பெற்றோர் திரட்டிய பணத்துக்கும் பங்குண்டு. அந்த மருந்தின் மனிதச் சோதனைகளுக்கு ஒரு கட்டத்தில் நிதி தந்தவற்றுள் பெற்றோர் அமைப்பும் ஒன்று.

எங்கள் கேள்வி அவ்வளவு பெரிதன்று. பேச்சும் கையும் உதவாத பிள்ளை கண்ணால் பேசுமென்றால், அதற்கேற்ற பலகை ஏன் தமிழில் இருக்கக் கூடாது? இதற்காக நாங்கள் அணுகிய ஓரிடத்தில், முன்னோட்டத் தரவு இருந்தால்தான் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியும் என்றார்கள். அந்தத் தரவைத் திரட்டத்தான் பணம் கேட்டுப் போயிருந்தோம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டோம். "என்ன முடிவு வரும்?" என்று ஒருவர்கூடக் கேட்காமல், எங்கள் கேள்வியை மட்டும் நம்பி நீங்கள் தந்த பணம்தான் எங்களை அங்கிருந்து நகர்த்தியது.

பலகை என்பது ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுதான். நான்கு மூலைகளிலும் படங்களை ஒட்டி, நடுவில் வெட்டிய துளை வழியாகக் குழந்தையின் கண்களைப் பார்க்க வேண்டும். தில்லைநகரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் தகடுகளை வெட்டித் தந்ததோடு நில்லாமல், பிள்ளைகளின் கையில் கீறிவிடும் என்று ஒவ்வொரு ஓரத்தையும் தம் கையாலேயே தேய்த்து மழுக்கினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். படங்களில் இட்லி, ஊஞ்சல், மின்விசிறி, "வலிக்கிறது" என்று எங்கள் வீட்டுப் பொருள்களும் எங்கள் வீட்டுச் சொற்களுமே இருந்தன. படத்தைக் காட்டியவுடன் விடை வராது. மனத்துக்குள் இருபது வரை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று பேச்சுப் பயிற்சியாளர் எங்களுக்குக் கற்பித்தார்.

ஒரு சனிக்கிழமை, துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த சிறுமி ஒருத்தி அழுதுகொண்டே இருந்தாள். அவள் அம்மா இரண்டு முறை தண்ணீர் புகட்டியும் அழுகை நிற்கவில்லை. பலகையைப் பிடித்தோம். அவள் பார்வை சுற்றிவந்து மின்விசிறிப் படத்தில் நின்றது; இன்னொரு மூலைக்கு அதை மாற்றி ஒட்டியபோதும் அதையே தேடிச் சென்றது. விசிறியைப் போட்டோம். அந்த அம்மா வெகுநேரம் எதுவுமே பேசவில்லை. இதை ஆய்வின் முடிவு என்று நான் சொல்லவில்லை. உங்கள் பணத்தில் நடந்ததை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்த அம்மா விவசாயக் கூலி வேலை செய்பவர். "பேருந்துச் செலவையும் அன்றைய கூலியையும் முதலில் எடுத்து வையுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று உங்களில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, பணத்தைத் தரும்போதே சொன்னார். பெரிய நிதி விண்ணப்பங்களில் இதற்கென ஒரு பத்தியை நான் பார்த்ததில்லை. அவர் சொல்லியிராவிட்டால் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் இந்த ஆய்வில் இடம்பெற்றிருக்கவே மாட்டார்கள். அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மாதம் 300 ரூபாய் தவறாமல் அனுப்பிய கல்லூரி விடுதித் தோழியருக்கும், சனிக்கிழமைதோறும் சாவியை எங்களிடம் நம்பிக் கொடுத்த சிறப்புப் பள்ளித் தலைமையாசிரியருக்கும், ஊதியம் வாங்காமல் உழைத்த பேச்சுப் பயிற்சியாளருக்கும், தங்கை கண்ணிமைப்பதைக்கூடத் தவறவிடாமல் காணொளி எடுத்த அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

வரவு செலவுக் கணக்கு பள்ளி அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. எவரும் வந்து பார்க்கலாம். காணொளிகள் அந்தந்தக் குடும்பத்தின் இசைவின்றி வெளியே செல்லமாட்டா. முன்னோட்டத் தரவுடன் புதிய விண்ணப்பத்தை அடுத்த மாதம் அனுப்புகிறோம். மீதமுள்ள தகடுகளை, கேட்கும் பெற்றோருக்குப் படங்களுடன் கொடுத்து வருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
பெற்றோர் குழுவின் சார்பில், ஒரு தாய்
திருச்சிராப்பள்ளி