பிராம்லி நடுவதற்கு முன்

அன்பு மகனுக்கு,

யோர்க்‌ஷயர் வீட்டின் பின்வளவில் மூன்று அப்பிள் மரங்களுக்கு இடம் இருக்கிறது என்றும், சமையலுக்கு ஒரு பிராம்லியும் சாப்பிட இரண்டு கொக்ஸும் நடப்போவதாகவும் எழுதியிருந்தாய். கன்றுகளுக்கு இன்னும் பணம் கட்டவில்லையென்றால் சற்றுப் பொறுத்துக்கொள். அந்த மூன்றையும் நட்டால் சித்திரை, வைகாசியில் பூவைப் பார்த்து மகிழலாம். பிராம்லியும் ஓரளவு காய்க்கும். ஆனால் அக்கம்பக்கத்தில் வேறு அப்பிள் மரம் இல்லாவிட்டால் கொக்ஸ் இரண்டிலும் நீ எதிர்பார்க்கும் காய் இராது.

நம் ஊர்ப் பனையில் ஆண் வேறு மரம், பெண் வேறு மரம் என்பது உனக்குத் தெரியும். அப்பிள் அப்படியல்ல, ஒரே பூவில் இரண்டும் உண்டு. இருந்தும், தன் இனத்து மகரந்தம் சூல்முடியில் விழுந்தால் பூ அதை அடையாளம் கண்டு, சூலை நோக்கி இறங்கும் மகரந்தக் குழாயை நடுவழியிலேயே நிறுத்திவிடும். இரண்டு கொக்ஸ் நட்டாலும் அவை ஒரே மரம்தான். ஏனென்றால் 1825ஆம் ஆண்டளவில் கோல்ன்புரூக்கில் ரிச்சர்ட் கொக்ஸ் விதையிலிருந்து வளர்த்த ஒரே மரத்தின் கிளைகளே ஒட்டுக்கு மேல் ஒட்டாக இன்றுவரை வந்திருக்கின்றன.

பிராம்லியின் குறை வேறு வகையானது. சாதாரண அப்பிளில் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) பதினேழு பதினேழாக இரண்டு தொகுதி, மொத்தம் 34. பிராம்லியில் ஒரு தொகுதி கூடுதலாக 51. மூன்று தொகுதிகளைச் சமமாகப் பங்கிட முடியாமல் போவதால் அதன் மகரந்தம் பெரும்பாலும் பயனற்றது. அது வாங்கிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்காது. ஆகவே பிராம்லி நடுகிறவர், அதற்கும் மகரந்தம் கொடுத்துத் தமக்குள்ளும் கொடுத்து வாங்கிக்கொள்ளக்கூடிய இரண்டு வெவ்வேறு இனங்களை அதனுடன் நட வேண்டும். இந்த மரத்தைப் பற்றி எனக்கு ஒரு கோபமும் உண்டு. 1809இல் சவுத்வெல்லில் அந்த விதையை இட்டவள் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி. பெயரோ, பின்னாளில் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான இறைச்சிக் கடைக்காரருடையது.

இனம் வேறாக இருந்தால் மட்டும் போதும் என்று நானும் ஒரு காலம் நம்பினேன். கென்ட்டுக்கு வந்த புதிதில் ஒரு கொக்ஸும் ஒரு கிட்ஸ் ஒரேஞ் ரெட்டும் வாங்கி அருகருகே நட்டேன். இரண்டும் ஒரே வாரத்தில் பூக்கும் என்று விற்றவர் சொன்னது உண்மைதான், பூத்தன. நான்காவது வருடமும் விரல்விட்டு எண்ணக்கூடிய பழங்களே கிடைத்தன. அவையும் ஒருபக்கம் சூம்பியிருந்தன. ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். ஐந்து அறையிலும் அறைக்கு இரண்டாகப் பத்து விதை இருக்கக்கூடிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு அப்பிளும் இந்த ஏற்புக்கும் மறுப்புக்கும் இரண்டு அடையாளங்களைச் சுமக்கிறது. மகரந்தத் துகள் அவற்றில் ஒன்றையே கொண்டுபோகும்; அது பூவின் அடையாளங்களில் ஒன்றாக இருந்தால் பூ மறுத்துவிடும். கிட்ஸ், கொக்ஸுக்கும் டெலிசியஸ் என்ற இனத்துக்கும் பிறந்தது; கொக்ஸிடமிருந்து ஓர் அடையாளம் பெற்றது. டெலிசியஸிடமிருந்து பெற்றதோ, தற்செயலாகக் கொக்ஸின் மற்ற அடையாளமாகவே அமைந்துவிட்டது. நிறமும் சுவையும் வேறானாலும், இந்த விஷயத்தில் அவை பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை முறை, கலியாணம் கிடையாது. மறு வருடம் ஜேம்ஸ் கிரீவ் ஒன்றை நட்டேன். அதற்கும் கொக்ஸுக்கும் ஓர் அடையாளம் பொதுவாக இருந்தாலும் மற்றது வேறு. மகரந்தத்தில் பாதி செல்லும், அப்பிளுக்குப் பாதியே தாராளம்.

சமையல் அப்பிளின் மகரந்தத்தால் சாப்பாட்டு அப்பிள் புளித்துவிடாதா என்று மருமகள் கேட்டிருந்தாள். புளிக்காது. சதை தாய்மரத்துக்குரியது, தந்தையின் பங்கு விதைக்குள்ளேயே அடங்கிவிடும்.

உன் வளவுக்கு நான் சொல்வது பிராம்லி, ஜேம்ஸ் கிரீவ், டிஸ்கவரி. மூன்றும் பருவத்தின் நடுவில், ஏறக்குறைய ஒன்றாகப் பூக்கும். ஜேம்ஸ் கிரீவ் எடின்பரோவில் பிறந்தது, வடக்கின் குளிர் அதற்குப் புதிதல்ல. கொக்ஸோ சூடு விரும்பி, ஈரமான இடத்தில் நோயும் அதற்கு எளிதில் பிடிக்கும். டிஸ்கவரி ஓகஸ்டிலும், ஜேம்ஸ் கிரீவ் செப்டெம்பரிலும், பிராம்லி ஒக்டோபரிலும் கைக்கு வரும். பிராம்லி மிகுந்த வீரியமுள்ளது, ஆகவே மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும் எம் 9 அல்லது எம் 26 என்ற வேர்க்கட்டையில் ஒட்டியதாகக் கேட்டு வாங்கு.

நீ அனுப்பிய படத்தில், பக்கத்து வேலிக்கு மேலே சிறு மஞ்சள் பழங்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. அது காட்டு அப்பிள் என்றே நினைக்கிறேன். அந்த வகை நெடுநாள் பூத்து நிறைய மகரந்தம் தரும். தேனீக்கு வேலியும் இல்லை. என்றாலும் அயலார் அதை எப்போது வெட்டுவார் என்று யார் கண்டது? அதை மட்டும் நம்பி இனங்களைக் குறைக்காதே.

துணைமரம் சரியாக அமைந்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியஸுக்குக் கீழே தேன்கூட்டுத் தேனீக்கள் அதிகம் வெளியே வருவதில்லை. உடலெங்கும் மயிர் அடர்ந்த பெரிய பம்பிள் பீக்கள்தான் அந்தக் குளிரிலும் வேலை செய்யும். உங்கள் பழைய செங்கல் கொட்டில் சுவரில் உள்ள துளைகளைப் பூசி அடைக்க வேண்டாம். மண் வைத்துக் குடியிருக்கும் செந்நிறத் தனித்தேனீ அப்பிள் பூவுக்கு மிக நல்ல வேலையாள். மரங்கள் ஒன்றுக்கொன்று ஐம்பது அடிக்குள் இருந்தால் போதும், உன் வளவில் அது ஒரு பிரச்சினையே இல்லை.

கொக்ஸ் ஆசை விடவில்லையென்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஜேம்ஸ் கிரீவ் ஒரு வருடம் வேரூன்றட்டும். அதற்கு அடுத்த தை மாதத்தில் என் மரத்திலிருந்து பென்சில் பருமனில் குச்சிகள் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். ஜேம்ஸ் கிரீவ் ஒரு வருடம் வேரூன்றட்டும். பங்குனியில் அந்தக் குச்சிகளோடு வந்து, ஜேம்ஸ் கிரீவின் தெற்குப் பக்கக் கிளையொன்றில் ஒட்டித் தருகிறேன். அப்பாவின் ஒட்டுக் கத்தியை இப்போதே தீட்டி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா