கண்ணனின் நீலம் ஊதாவாகிறது என்று கேட்டாயே

சிவகாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜவுளிக்கடை காலண்டருக்கான கண்ணன் படம் உங்கள் 44 அங்குல இன்க்ஜெட் மெஷினில் ஊதாவாக விழுகிறது, முதலாளி "மெஜந்தாவைக் குறைத்து அடி" என்கிறார், குறைத்தால் உதட்டுச் சிவப்பும் குங்குமமும் வெளிறிப்போகின்றன என்று போனில் சொன்னாய். குரல் சோர்ந்திருந்தது. போனில் பதில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் ஒன்று. ஃபைலைத் தொடாதே. அந்த ஃபைல் உன் மெஷினோடு முடிவதில்லை. அதே ஃபைல்தான் இங்கே காலண்டரை அச்சடிக்கும் ஆஃப்செட் மெஷினுக்குப் பிளேட்டாக, அதாவது அச்சுத் தகடாகப் போகிறது. இன்க்ஜெட்டில் நீலம் சரியாகத் தெரியட்டும் என்று நீ மெஜந்தாவைக் குறைத்தால், இங்கே ஆஃப்செட்டில் கண்ணன் பச்சை தட்டி நிற்பான். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட உன் பிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின்மேன் இங்க் சாவியைத் திருகித் திருகிப் பார்ப்பார். ரீம் ரீமாகத் தாள்தான் வீணாகும். இத்தனை வருடம் பிரீபிரஸ்ஸில், அதாவது அச்சுக்கு முந்தைய வேலையில், உட்கார்ந்து நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இப்படித் தொடங்கியவைதான்.

நீல இங்க்கான சியான் 90, ரோஸ் இங்க்கான மெஜந்தா 60 என்று ஃபைலில் இருப்பது நிறம் இல்லை, பாப்பா. அது இங்க் அளவு. "ஒரு கரண்டி சாம்பார் பொடி" என்று எழுதி வைத்தால் யார் வீட்டுப் பொடி, எந்தக் கரண்டி என்று கேட்போம் இல்லையா, அப்படித்தான் இதுவும். எந்த இங்க், எந்தப் பேப்பர், எந்த மெஷின் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு ஒரு நிறம் கிடைக்கும். அதைச் சொல்வதுதான் ஐசிசி ப்ரொஃபைல். உதாரணத்துக்கு, ஃபோக்ரா 39 என்ற அச்சுத் தரக் கணக்கில், ஆர்ட் பேப்பரில் ஆஃப்செட்டில் விழும் முழு சியானின் லேப் மதிப்பு (வெளிச்சம், சிவப்பு-பச்சை, மஞ்சள்-நீலம் என்று நிறத்தைச் சொல்லும் மூன்று எண்கள்) 55, −37, −50. முழு மெஜந்தா 48, 74, −3. இவை ஸ்பெக்ட்ரோ என்ற நிறம் அளக்கும் கருவியில் அளந்து பார்க்கக்கூடிய எண்கள். இதில் ஆளுக்கொரு அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

உன் மெஷினில் இருக்கும் சியானும் மெஜந்தாவும் வேறு. எப்சன் அந்த மெஜந்தாவுக்கு "விவிட்" என்றே பெயர் வைத்திருக்கிறது. பளிச்சென்று இருக்கும், ஆஃப்செட் மெஜந்தாவைவிட வீரியம் அதிகம். நீலத்துக்கு ஒரு குணம் உண்டு. மெஜந்தா கொஞ்சம் தூக்கலானாலும் உடனே ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். மஞ்சளோ பச்சையோ அந்த அளவு காட்டிக்கொடுக்காது. அதனால்தான் கோளாறு முதலில் கண்ணன் உடம்பில் தெரிகிறது. உன் மெஷினில் ஆரஞ்சு, பச்சை என்று கூடுதல் இங்க் வேறு இருப்பதாகச் சொன்னாய். அப்படியானால் ஆஃப்செட்டில் வராத நிறமெல்லாம் அதில் வரும். வர விட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், வாடிக்கையாளரும் மயங்கிவிடுவார். ஆனால் ப்ரூஃப் என்பது அச்சுக்கு முன் அடித்துக் காட்டும் மாதிரி. அச்சில் கொடுக்க முடியாததைக் காட்டும் ப்ரூஃப், ப்ரூஃப் இல்லாமல் அடிப்பதைவிட மோசம் என்பது என் முடிவு. பெரிய மெஷினை அடக்கி, சிவகாசி மெஷின் மாதிரி அடிக்க வைப்பதுதான் உன் வேலை. அது சின்ன வேலை இல்லை.

இனி எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

போட்டோஷாப்பிலிருந்து நேராக விண்டோஸ் டிரைவருக்குக் கொடுக்கிறீர்களா, ரிப் (ஃபைலை மெஷினின் இங்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தனி சாஃப்ட்வேர்) வழியாகவா? நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் அவசர வேலைகள் எல்லாம் டிரைவர் வழியாகத்தான் போகின்றன. சாதாரண டிரைவர் ஆர்ஜிபியைத்தான், அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீலத்தைத்தான் வாங்கும். நீ கொடுத்த நாலு கலரை (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) முதலில் ஆர்ஜிபியாக மாற்றி, பிறகு தன் இங்குகளுக்குத் தானாகவே பிரித்துக்கொள்ளும். கறுப்பில் எவ்வளவு, மற்ற மூன்றில் எவ்வளவு என்று ஓவியர் ஃபைலில் பார்த்துப் பார்த்து வைத்த பிரிவெல்லாம் அந்த இடத்திலேயே அழிந்துவிடும். ப்ரூஃப் வேலை எதுவாக இருந்தாலும் ரிப் வழியாகவே போகட்டும். எவ்வளவு அவசரம் என்றாலும் இதில் விட்டுக்கொடுக்காதே.

ரிப்பில் சோர்ஸ் ப்ரொஃபைல் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே என்ன இருக்கிறது என்று பார். போட்டோஷாப்பின் அமெரிக்க செட்டிங்கில் சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது அந்த நாலு கலருக்கு, ஸ்வாப் வி2 என்ற ப்ரொஃபைல் வரும். அது ரோலில் ஓடும் அமெரிக்க வெப் ஆஃப்செட் பத்திரிகை அச்சுக்கானது. நம் பக்கம் வரும் பல ஃபைல்களில் யாரும் யோசித்து வைக்காமல், வந்தது வந்தபடி அதுவே ஒட்டிக்கொண்டிருக்கும். காலண்டர் ஓடப்போவது தாள் தாளாக ஓடும் ஷீட்ஃபெட் ஆஃப்செட்டில், ஆர்ட் பேப்பரில். அச்சகத்தில் கேள், "நீங்கள் எந்த ப்ரொஃபைலுக்கு மெஷினைச் சரிசெய்து வைத்திருக்கிறீர்கள்?" என்று. ஃபோக்ரா 39 என்று பதில் வந்தால் அதையே சோர்ஸாகக் கொடு. புதிதாக ஃபோக்ரா 51-க்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். பதிலே வராவிட்டால் அவர்கள் அடித்த ஒரு ஷீட்டை வாங்கி அளந்து பார்.

அப்போது "அசைன்" செய், "கன்வெர்ட்" செய்யாதே. அசைன் செய்தால் எண்கள் மாறாது, அவற்றைப் படிக்கும் விதம்தான் மாறும். கன்வெர்ட் செய்தால் எண்களே மாறிவிடும். சுத்தமான 100 கறுப்பில் இருந்த எழுத்தெல்லாம் நாலு கலராகச் சிதறும். இங்கே பிளேட் ரிஜிஸ்டர் (நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது) முடி அளவு தவறினாலும் காலண்டர் தேதிகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாடும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் மெஷின் சரியாக இருக்க வேண்டும். காலையில் வந்ததும் நாசில் செக் (இங்க் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் கோடுகள்) அடி. கோடுகளில் ஒன்று விட்டிருந்தாலும் கிளீன் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கு. பேப்பரை மாற்றினால் மெஷினிலும் ரிப்பிலும் மீடியா பெயரையும் மாற்று. உங்கள் கடையில் எல்லாப் பேப்பருக்கும் ஒரே செட்டிங் ஓடுகிறது என்று நீ சொன்னதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஒவ்வொரு பேப்பரும் இங்க் குடிக்கும் அளவு வேறு. ஓர் அளவுக்கு மேல் ஊற்றினால் நிறம் அடர்த்தியாகாது, ஓரம் கசியும், சாயலும் திரும்பிவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அதற்கு முன்னால் நிறுத்துவதுதான் இங்க் லிமிட். பிறகு லீனியரைசேஷன். 0 முதல் 100 வரை படிப்படியாக அடித்து, அளந்து, 50 என்றால் பாதியாகவே விழும்படி சமப்படுத்துவது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ப்ரொஃபைல் தயாரிக்க அடித்து அளக்கும் சார்ட். ஐடி8.7/4 சார்ட்டில் 1617 கட்டங்கள் இருக்கும். பொறுமை வேண்டும். அடித்த கையோடு அளக்காதே. நீர் இங்க் உலர உலர நிறம் நகரும். குறைந்தது ஒரு மணி நேரம் விடு, முடிந்தால் ராத்திரி முழுக்க உலர விட்டு மறுநாள் அள. இந்த ஒரு காரியத்தில் அவசரப்பட்டால் அதன் மேல் கட்டுவது எல்லாமே கோணலாகும்.

சென்னையில் மழைக்காலம் வந்தால் பேப்பர் ஈரம் உறிஞ்சி நெளியும். இங்கே சிவகாசியில் காற்று வறண்டது, எங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. நீ ரோலை உறையில் போட்டே வை. ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போகிறார்கள் என்றால், காலையில் அறை பழைய நிலைக்கு வரும்வரை ப்ரூஃப் அடிக்காதே.

அடுத்தது ரெண்டரிங் இன்டென்ட், அதாவது ஒரு மெஷினின் நிறத்தை இன்னொன்றுக்கு எப்படி மாற்றுவது என்ற விதி. ப்ரூஃபுக்கு அப்சல்யூட் கலரிமெட்ரிக் வை. அது அச்சுப் பேப்பரின் வெள்ளையையும் சேர்த்துக் காட்டும். படம் இல்லாத இடத்தில்கூட லேசாக ஒரு சாயம் விழும். முதலாளி அதைப் பார்த்து "பேப்பர் அழுக்காக இருக்கிறது" என்பார். அழுக்கு இல்லை, இங்கே ஓடப்போகும் பேப்பரின் நிறம் அது என்று மரியாதையாக எடுத்துச் சொல். கடை வாசலில் மாட்டும் பெரிய பேனருக்கு அது வேண்டாம். அங்கே பேப்பர் வெள்ளையைக் காட்டாத ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கும், கறுப்பைச் சமன் செய்யும் பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனும் போதும். இரண்டும் வேறு வேறு வேலை. ஒரே செட்டிங்கில் இரண்டையும் ஓட்டாதே.

பார்க்கும் வெளிச்சமும் முக்கியம். கடை டியூப்லைட்டில் வைத்து நிறம் சரியா என்று முடிவு செய்யாதே. நிறம் பார்ப்பதற்கான தரமான ஐஎஸ்ஓ 3664 சொல்லும் டி50 என்ற பகல் வெளிச்சம், சாம்பல் நிறச் சுவர், அதுதான் இடம். ரொம்பப் பளீரென்று இருக்கும் பேப்பர்களில் வெளுப்பான் கலந்திருக்கும். அது வெளிச்சத்துக்கு வெளிச்சம் வேறு வேறு அளவில் நீலம் காட்டும். ப்ரூஃபுக்கென்று வரும் பேப்பரையே வாங்கச் சொல். விலை கூடத்தான். ஒரு ரன் திரும்பி வந்தால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்.

நாளைக்கே நீ செய்யக்கூடிய ஒரு சோதனை. கறுப்பு மட்டும் 50 உள்ள ஒரு கட்டம். பக்கத்திலேயே சியான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 உள்ள இன்னொரு கட்டம். இரண்டையும் ரிப் வழியாக அடித்து உலரவிட்டுப் பார். இரண்டாவது கட்டம் கறுப்புக் கட்டத்தின் பக்கத்தில் ஏறக்குறைய அதே சாம்பலாக இருந்தால் மூன்று கலரும் சமநிலையில் இருக்கின்றன. ரோஸ் தட்டினால் மெஜந்தா தூக்கல். உனக்கு அநேகமாக ரோஸ்தான் தட்டும் என்று நினைக்கிறேன். தட்டினால் கண்ணனை மறந்துவிடு, லீனியரைசேஷனுக்குத் திரும்பிப் போ. கண்ணுக்குச் சரி என்று பட்டபின் ஃபோக்ரா மீடியா வெட்ஜை (ப்ரூஃப் சரியா என்று அளக்கும் கட்டங்களின் பட்டை) ஷீட் ஓரத்தில் சேர்த்து அடித்து அள. மூன்றாம் பதிப்பில் 72 கட்டங்கள். 2007-இல் வந்த ப்ரூஃபுக்கான தரமான ஐஎஸ்ஓ 12647-7, டெல்டா ஈ (இரண்டு நிறங்களுக்கு இடையே அளந்த வித்தியாசம்) சராசரி 3, அதிகபட்சம் 6 என்று வரம்பு வைத்தது. பிறகு கணக்கிடும் சூத்திரம் மாறியது, வரம்பு எண்களும் மாறின. உங்கள் சாஃப்ட்வேர் எந்தச் சூத்திரத்தில் கணக்கிடுகிறது என்று பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும் மறக்காதே. கண்ணன் உடம்பில் போட்டோஷாப்பின் ஐட்ராப்பரை வைத்து எண்ணைப் படி. மெஜந்தா சியானைவிட 30 அளவாவது குறைவாக இருந்தால் நீலம் நீலமாக நிற்கும். அது 100, 90 என்று இருந்தால் இங்கே ஆஃப்செட்டிலும் ஊதாதான் விழும். அப்போது உன் மெஷின் உண்மையைத்தான் சொல்கிறது. அந்த நிலையில் ஃபைல் மாறத்தான் வேண்டும். ஆனால் நீயாகத் திருத்தாதே. ஓவியரைக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டு, உடம்பு மட்டும் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து, மாற்றியதை எழுதி வைத்துத் திருத்த வேண்டும். மொத்தப் படத்திலும் மெஜந்தாவை இழுத்ததால்தான் குங்குமம் செத்துப்போனது.

முதலாளியிடம் வாதாடாதே. சாம்பல் கட்டத்தை அடித்து மேசையில் வை, அளந்த எண்களைப் பக்கத்தில் வை. அவர் தொழில் தெரியாதவர் இல்லை, நேரம் இல்லாதவர். எண்ணைப் பார்த்தால் இறங்கி வருவார். "நீ சின்னப் பெண், உனக்கென்ன தெரியும்" என்று யாராவது சொன்னால் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதே. உன் கண் நல்ல கண். ஊதா என்று முதலில் கண்டுபிடித்தது நீதானே.

ராத்திரி ஷிஃப்டில் சாப்பிடாமல் இருக்கிறாய் என்று உன் சித்தி சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு. பசியும் தூக்கமும் இருக்கும்போது நிறம் பார்க்காதே, கண் ஏமாற்றும்.

சாம்பல் கட்டமும் வெட்ஜும் கண்ணனும் ஒரே ஷீட்டில் அடித்துக் கூரியரில் அனுப்பு. மடக்காமல் சுருட்டி, குழாயில் போட்டு அனுப்பு. ஓரத்தில் பேப்பர் பெயர், சோர்ஸ் ப்ரொஃபைல், இன்டென்ட், அடித்த தேதி எல்லாம் பென்சிலில் எழுது. இங்கே டி50 வெளிச்சத்தில் ஆஃப்செட் ஷீட் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிளேட் போடுவதற்கு முன்னால் உனக்குப் போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
அம்மா