மண்டியாவும் கடைமடையும் நேரில் காணட்டும்

காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், காவிரி நீர் கடைசியாக வந்துசேரும் நாகை மாவட்டக் கடைமடையின் உழவன் ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கென்று உறுதிசெய்த 177.25 டி.எம்.சி.யில் ஒரு சொட்டும் குறையக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால், மழை பொய்த்த ஆண்டின் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி எழும்போதெல்லாம் இரு மாநிலப் பொறியாளர்களும் நீர்மட்டக் கணக்குகளோடு தங்கள் முன் அமர்கிறார்கள். உழவர்களாகிய நாங்களோ அங்கும் இங்கும் சாலையில் அமர்கிறோம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் கர்நாடகத்தில் தமிழர் கடைகளும் வண்டிகளும் எரிந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அந்தத் தீயில் எந்த வயலும் நனையவில்லை.

2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் இரு மாநில உழவர்களும் ஒன்றுகூடி, 'காவிரிக் குடும்பம்' என்று பெயரிட்டு, ஒருவர் நிலத்தை மற்றவர் சென்று பார்த்தார்கள். அதைக் கேள்விப்பட்ட ஆர்வத்தில் பின்னொரு வறட்சி ஆண்டில் நானும் சிலரோடு கர்நாடகத்தின் மண்டியா சென்றேன். கிருஷ்ணராஜ சாகர் அணையை மூடிவைத்துக்கொண்டு செழிப்பவர்கள் என்று நான் நினைத்திருந்தவர்களின் கரும்பு, விறகாகக் காய்ந்து நின்றது. எங்களை அழைத்துப்போனவர் அதை வெட்டி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று போகம் விளைவிக்கிறோம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்; முதல் போகமான குறுவையே கைவிட்டுப்போன கதையைச் சொன்னபோது சிரித்தார், நம்பவில்லை.

அடுத்த மாதம் அவர் எங்கள் ஊருக்கு வந்தார். வாய்க்காலின் வெடிப்பில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். "ஆழ்துளைக் கிணறு போடலாமே?" என்று கேட்டவருக்குக் அடிகுழாய்த் தண்ணீரை ஏந்திக் கொடுத்தேன். உப்புக் கரித்ததில் துப்பிவிட்டார். அதன்பின் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தண்ணீர் யாருக்கு என்பதில் நாங்கள் இருவரும் இன்றும் உடன்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தகராறு வரும் ஆண்டுகளில் முதலில் தொலைபேசியில் அழைப்பவர் அவர்தான்.

ஆகவே, ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் திறப்புக்கு முன்பாக, சங்கத் தலைவர்களை விட்டுவிட்டு, சிறு உழவர்கள் இருபது பேரை இங்கிருந்து மண்டியாவுக்கும், அங்கிருந்து இருபது பேரை டெல்டாவுக்கும் அனுப்ப ஆணையம் ஏற்பாடு செய்ய வேண்டும். அவர்கள் கண்டவற்றை ஆணையத்தின் கூட்டத்தில் எழுத்தாக வைக்க இடம் தர வேண்டும். வருபவர்கள் தங்க எங்கள் வீட்டுத் திண்ணை இருக்கிறது; மண்டியாவில் உண்ட ராகிக் களிக்கு இன்னும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

இவண்,
கடைமடை உழவன்