ரோமுக்கு ஒரு பகல் போதாது: ஐரோப்பா டூர் நடத்துகிறவர்களுக்கு

ஐரோப்பாவுக்குக் குழுக்குழுவாக நம் ஆட்களை அழைத்துப் போகும் டூர் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

உங்கள் அட்டவணைகளில் நான் பார்த்த பெரும்பாலானவற்றில் ரோமுக்கு ஒரு பகல்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். காலையில் வத்திக்கான், மதியத்துக்கு மேல் கொலோசியத்துக்கு வெளியே நின்று படம், ட்ரெவி நீரூற்றில் காசு போடுவது, ராத்திரி இந்தியச் சாப்பாடு, ஊருக்கு வெளியே எங்கேயோ ஓட்டல், விடிந்ததும் பஸ் பீசாவுக்குக் கிளம்பிவிடும். என் மாமனாரும் மாமியாரும் இப்படித்தான் போய் வந்தார்கள். மாமா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், இருவரும் வாழ்நாளில் ஒருமுறை என்று நினைத்துப் போன பயணம் அது. கொலோசியம் உள்ளே எப்படி இருந்தது அத்தை என்று கேட்டேன். "உள்ளே கூட்டிட்டுப் போகலைம்மா, பஸ் காத்துக்கிட்டு இருந்துச்சு" என்றார். உள்ளே போகும் டிக்கெட் அந்தப் பேக்கேஜிலேயே இல்லை என்பது அவர்களுக்கு அங்கே போய் இறங்கும்வரை தெரியாது.

போன அக்டோபரில் நானும் என் கணவரும் ரோமுக்கு மட்டும் போனோம். வேறு எந்த ஊரும் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினோம். அங்கே நடந்து பார்த்த பிறகுதான் அத்தைக்கும் மாமாவுக்கும் என்னென்ன கிடைக்காமல் போனது என்று புரிந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொலோசியத்துக்கு நாங்கள் வாங்கிய டிக்கெட் 18 யூரோ. அதே டிக்கெட்டில் பக்கத்தில் இருக்கும், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும் பாலட்டைன் குன்றும் சேர்ந்தே வருகின்றன. கொலோசியம் பிரமாண்டம்தான், கி.பி. 80-ல் திறந்த அரங்கம், 50,000 பேர் உட்கார்ந்து பார்த்த இடம் என்கிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால் ரோமின் உயிர் ஃபோரத்தில்தான் இருக்கிறது. ஜூலியஸ் சீசரை எரித்த இடத்தில் பின்னாளில் எழுப்பிய கோயிலின் மிச்சம் அங்கே இருக்கிறது, இன்றைக்கும் யாராவது அதன்மேல் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் தள்ளி, ஃபௌஸ்டினா என்ற பேரரசியின் நினைவாகக் கட்டிய ஒரு கோயில், பிற்காலத்தில் சர்ச்சாக மாறிவிட்டது. அந்தச் சர்ச்சின் வாசல் கதவு இப்போது தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், ஏறிப்போகப் படிகூட இல்லாமல் நிற்கிறது. அந்தக் கதவு வைத்த காலத்தில் ஃபோரம் முழுக்க மண்மூடிக் கிடந்தது, தரையே அந்த உயரத்தில்தான் இருந்தது, மேலே மாடுகள் மேய்ந்தன. பிறகு தோண்டியபோதுதான் வாசல் மேலேயே நின்றுபோனது. நின்று சொல்ல ஒருவர் இருந்தால் இரண்டே நிமிடத்தில் யாருக்கும் விளங்கிவிடும், எந்தப் படிப்பும் தேவையில்லை.

அப்புறம் மிளகு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபோரத்துக்குள் மாக்சென்டியஸ் பஸிலிக்கா என்று மூன்று பெரிய வளைவுகளோடு ஒரு இடிபாடு நிற்கிறது. அதன் அடியில்தான் டொமிஷியன் பேரரசன் கட்டிய மிளகுக் கிடங்கின் மிச்சம் கிடக்கிறது. மேற்குக் கரையில் முசிறியில் யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூறு சொல்கிறதே, அப்படி ஏற்றிப்போன சரக்கு எகிப்து வழியாகப் போய்ச் சேர்ந்த ஊர் இது. வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறது என்று அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்துப் புலம்பியிருக்கிறார், வெறும் காரத்துக்காக இவ்வளவு தூரத்திலிருந்து வாங்குகிறோமே என்று அவருக்கு ஆற்றாமை. கி.பி. 408-ல் கோத் இனத்தாரின் அரசன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப்போகக் கேட்ட பணயத்தில் பொன், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் உண்டு. இதையெல்லாம் அங்கிருந்தே போனில் அத்தையிடம் சொன்னேன். உங்கள் குழு படம் எடுத்த இடத்திலிருந்து பத்து நிமிட நடைதான் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை அவர். பிறகு, "யாரும் சொல்லலையேம்மா" என்றார். அவ்வளவு தூரம் தமிழர்களை அழைத்துப் போய், நம் கரையிலிருந்து போன மிளகு குவிந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பிக் கூட்டி வருவது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனபோது 5 யூரோதான். 43 மீட்டர் அகலக் கூரை, நடுவில் வானம் தெரியும் வட்டம், கம்பி இல்லாத கான்கிரீட்டில் இதைவிடப் பெரிய குவிமாடம் இன்றுவரை உலகில் இல்லை. மழை பெய்தால் உள்ளே விழும், தரையில் தண்ணீர் வடிய ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். கொலோசியத்திலிருந்து சிறிது தூரத்தில் சான் கிளமென்டே சர்ச் இருக்கிறது, அங்கே கூட்டமும் குறைவு. 12-ஆம் நூற்றாண்டுச் சர்ச், படி இறங்கினால் அதற்கடியில் 4-ஆம் நூற்றாண்டுச் சர்ச், இன்னும் இறங்கினால் பழைய ரோமானியர் வழிபட்ட மித்ரா என்ற தெய்வத்தின் கோயில், அங்கே சுவருக்கு அப்பால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. என் கணவருக்கு அந்த இடத்தை விட்டு வர மனமே இல்லை.

உங்கள் பக்கத்துச் சிரமம் தெரியாமல் பேசவில்லை. நகர மையத்துக்குள் டூர் பஸ்ஸுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கொடுத்தாக வேண்டும், அது சட்டம். கொலோசியம் டிக்கெட் பெயரும் நேரமும் குறித்துத்தான் வருகிறது, நாற்பது பேரை அந்த நேரத்துக்கு வாசலில் நிறுத்துவது லேசில்லை. எட்டு நாடு என்று போட்டால்தான் ஆள் வருகிறார்கள் என்பீர்கள். ஷெங்கன் விசாவுக்கே 90 யூரோ கட்டி, வங்கிக் கணக்கையெல்லாம் காட்டி, ஒருமுறைதான் வர முடியும் என்று வருகிறவர்கள் நிறைய நாடு கேட்பது நியாயம்தான், அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் எட்டு நாடு என்று விளம்பரம் செய்து செய்து பழக்கியது நீங்கள். ஐந்து நாடு, ரோமில் மூன்று இரவு என்று யாராவது ஒருவராவது போட்டுப் பாருங்கள். ஓட்டலை ஊருக்குள் எடுங்கள், பஸ்ஸை அந்த நாட்களில் விட்டுவிடுங்கள், மெட்ரோவும் நடையும் போதும். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு வேக ரயில் ஒன்றரை மணி நேரம்தான். முட்டிவலிக்காரர்கள் இருப்பார்கள், கல் பாவிய தெருக்கள் படுத்தும், அதனால் ஒரு நாளில் இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். தெருவுக்குத் தெரு நல்ல குடிதண்ணீர்க் குழாய் இலவசமாக ஓடுகிறது, காலி பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஃபோரத்துக்கு உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள், அவர் ஆங்கிலத்தில் சொல்வதை உங்கள் டூர் மேனேஜர் தமிழில் சொல்லட்டும், கிளம்பும் முன்பே நாலு பக்கம் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். அந்த நாலு பக்கத்தை எழுதித் தர நான் தயார், காசு வேண்டாம்.

இதெல்லாம் அடுத்த சீசனுக்குள் முடியாது என்றால், இது ஒன்றை மட்டும் உடனே செய்யுங்கள். விளம்பரத்தில் கொலோசியம் என்று போடும் இடத்தில், அதே அளவு எழுத்தில், உள்ளே போகிறோமா வெளியே நிற்கிறோமா என்றும் போடுங்கள். பணம் கட்டும் முன்னால் அத்தையைப் போன்றவர்களுக்கு அது தெரிய வேண்டும்.